ஏழு தலைமுறையைத் தொடர்ந்த மூச்சு முட்டல்

ரத்தக் குழாயில் ஒரு சிறிய பூட்டு. அதில் ஒரு சிறிய கோளாறு!

அமெரிக்காவில் நாஷ்வில் என்று ஒரு நகரம். சங்கீதத்துக்குப் பெயர் போன ஊர். அங்கே வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதில் உள்ள டாக்டர்கள் சிலர் 20 ஆண்டுகள் விடாமல் ஒரு வேலையைச் செய்தார்கள்.

ஆபரேஷன் அல்ல. மருந்து கண்டுபிடிப்பதும் அல்ல. அவர்கள் செய்தது, வம்சாவளி எழுதும் வேலை!

நோயாளியை உட்கார வைத்து அவருடைய தாயார், தகப்பனார், பாட்டன், பாட்டி, மாமன், அத்தை ஒவ்வொருவரைப் பற்றியும் விசாரித்தார்கள். யார் எந்த வயதில் இறந்தார்கள், எதனால் இறந்தார்கள் என்று குறித்துக்கொண்டார்கள். பழைய ஆஸ்பத்திரிக் குறிப்புகளையும், பிரேதப் பரிசோதனையில் எடுத்து வைத்திருந்தவற்றையும் தேடிப் பிடித்துப் பார்த்தார்கள்.

இப்படி 67 குடும்பங்களின் வரலாறு சேர்ந்தது. எல்லாக் குடும்பத்திலும் ஒரே நோய்தான். படி ஏறினால் மூச்சு முட்டும். கொஞ்சம் வேலை செய்தாலும் களைத்துப் போகும். கால் வீங்கும். சிலர் திடீர் என்று மயங்கி விழுவார்கள். பார்ப்பதற்கு ஆரோக்கியமாக இருந்த இளம்பெண், இரண்டு மூன்று ஆண்டுகளில் இறந்துபோவாள்.

குடும்ப மரங்களை ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்த்தபோது டாக்டர்களுக்கு ஆச்சரியம் காத்திருந்தது. ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லை என்று நினைத்த ஐந்து குடும்பங்கள், உண்மையில் ஒரே குடும்பம்! 1800-களின் மத்தியில் வாழ்ந்த ஒரு தம்பதியின் வாரிசுகள் அவர்கள். அந்தத் தம்பதியிலிருந்து கிளைத்தவர்கள் ஏழு தலைமுறையில் 394 பேர். அவர்களில் 18 பேருக்கு அந்த நோய் வந்திருந்தது.

ஒரே வம்சம் என்பது அவர்களுக்கே தெரியாது. தெரியாததால், "எங்கிருந்தோ வந்த நோய்" என்று அழுதுவிட்டு இருந்திருக்கிறார்கள். சிலருக்கு வேறு இருதய நோய், வேறு நுரையீரல் நோய் என்றுகூட முன்பு பெயர் கொடுத்திருந்தார்கள்.

இந்த விவரம் 2001-ம் ஆண்டில் வெளிவந்தது. அந்த வம்சத்தை ஏழு தலைமுறையாகத் துரத்தியது எது என்பதும் அப்போது தெரிந்துவிட்டது. ரத்தக் குழாய்களின் சுவரில் இருக்கும் ஒரு பூட்டில் ஏற்பட்ட கோளாறுதான் அது.

என்ன பூட்டு அது? அதைச் சொல்வதற்கு முன்பு நோயைப் பற்றிக் கொஞ்சம் பார்ப்போம்.

இன்னொரு ரத்த அழுத்தம்

"எனக்குப் பிளட் பிரஷர் 120-க்கு 80" என்று பலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். கையில் பட்டை கட்டி, காற்று அடித்துப் பார்க்கும் அழுத்தம் அது. இருதயத்தின் இடது பக்கம் உடம்பு முழுவதற்கும் ரத்தத்தைத் தள்ளும் வேகத்தை அது காட்டுகிறது.

இருதயத்துக்கு வலது பக்கமும் உண்டு. உடம்பைச் சுற்றிவிட்டு வந்த ரத்தம் அங்கேதான் வந்து சேரும். வலது பக்கம் அதை நுரையீரலுக்கு அனுப்பும். அங்கே கரியமில வாயுவைக் கொடுத்துவிட்டு, பிராணவாயுவை வாங்கிக்கொண்டு ரத்தம் இடது பக்கம் திரும்பும். நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நிமிஷத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தம் இப்படி நுரையீரலுக்குள் போய் வருகிறது.

ஆனால் நுரையீரல் குழாய்கள் மெல்லியவை. நன்றாக விரிந்து கொடுப்பவை. அதனால் அங்கே அழுத்தம் மிகக் குறைவு. சராசரி 14 மில்லி மீட்டர்தான். 20-க்கு மேல் போனால் அது நோய். வலது இருதயத்தின் சதையும் அதற்கு ஏற்றாற்போல் மெல்லியதாகவே இருக்கிறது. லேசான வேலைக்கு லேசான ஆள்!

மேலே சொன்ன நோயில், நுரையீரலின் சின்னச் சின்ன ரத்தக் குழாய்களின் சுவர் தடித்துக்கொண்டே போகிறது. உள்ளே வழி குறுகுகிறது. ரத்தம் போக இடம் இல்லை. வலது இருதயம் முட்டி மோதித் தள்ளுகிறது. தள்ளித் தள்ளிப் பெருத்துப்போகிறது. கடைசியில் ஓய்ந்துவிடுகிறது.

கையில் கட்டும் பட்டைக்கு இந்த அழுத்தம் தெரியவே தெரியாது. அந்த நோயாளிக்குக் கையில் பார்த்தால் 120-க்கு 80 என்றே காட்டலாம்! பல காலம் இந்த நோய் டாக்டர்களை ஏமாற்றி வந்ததற்கு அதுதான் காரணம்.

தன் இருதயத்துக்குள் தானே குழாய் விட்டவர்

நுரையீரல் குழாயின் அழுத்தத்தை அளப்பதற்கு ஒரே நேரான வழி, கருவியை உள்ளேயே கொண்டுபோவதுதான். உயிருள்ள மனிதனின் இருதயத்துக்குள் குழாய் விடுவதா? நினைத்தாலே நடுங்கினார்கள், அந்தக் காலத்து டாக்டர்கள்.

ஜெர்மனியில் பெர்லினுக்குப் பக்கத்தில் எபர்ஸ்வால்ட் என்று ஓர் ஊர். அங்கே ஆஸ்பத்திரியில் வெர்னர் ஃபோர்ஸ்மான் என்று 25 வயது டாக்டர் இருந்தார். கையில் உள்ள ரத்தக் குழாய் வழியாக இருதயம் வரை குழாயைச் செலுத்தலாம் என்று அவர் சொன்னார். மேலதிகாரி, "கூடவே கூடாது" என்று தடுத்துவிட்டார்.

1929-ம் ஆண்டு அது. ஆபரேஷன் கருவிகளை வைத்திருந்த நர்ஸ் கெர்டா டிட்சென் என்பவரிடம் ஃபோர்ஸ்மான் நைச்சியமாகப் பேசினார். "என் உடம்பிலேயே சோதித்துப் பாருங்கள்" என்று அந்த நர்ஸ் முன்வந்தார். டாக்டர் அவரை மேஜையில் படுக்க வைத்துக் கட்டினார். கட்டிவிட்டு, யாருக்கும் தெரியாமல் தன் கையையே கீறிக் குழாயை ஏற்றிக்கொண்டார்! சிறுநீர் இறக்குவதற்கு வைத்திருந்த மெல்லிய குழாய் அது. 65 சென்டி மீட்டர் உள்ளே போயிற்று.

அந்தக் குழாயோடு படி இறங்கி எக்ஸ்ரே அறைக்கு நடந்து போனார். படம் எடுத்துப் பார்த்தார்கள். குழாயின் நுனி இருதயத்துக்குள் இருந்தது.

பாராட்டா கிடைத்தது? ஏச்சுத்தான் கிடைத்தது. பிறகு அவர் இருதய வைத்தியத்தையே விட்டுவிட்டு, சிறுநீரக வைத்தியத்துக்குப் போய்விட்டார். ஆனால் நியூயார்க்கில் கூர்னான், ரிச்சர்ட்ஸ் என்ற இரண்டு டாக்டர்கள் அவர் காட்டிய வழியைப் பிடித்துக்கொண்டு, இருதயத்தின் உள்ளேயும் நுரையீரல் குழாயிலும் அழுத்தத்தை அளந்தார்கள். மூன்று பேருக்குமாக 1956-ல் நோபல் பரிசு வந்தது.

அளவு பார்க்க முடிந்த பிறகுதான் நோய்க்கே பெயர் வந்தது. 1951-ல் டேவிட் டிரெஸ்டேல் என்ற அமெரிக்க டாக்டர் அதைத் தனி நோயாகப் பிரித்துச் சொன்னார். ஒரே குடும்பத்தில் பலருக்கு வருவதையும் அவர் 1954-ல் எழுதினார்.

பூட்டும் சாவியும்

இப்போது பூட்டுக்கு வருவோம்.

நம் உடம்பு கோடிக்கணக்கான செல்களால் ஆனது. ஒரு செல்லுக்கு இன்னொரு செல் செய்தி சொல்ல வேண்டுமானால், ஒரு ரசாயனப் பொருளை ரத்தத்தில் அனுப்பும். அதுதான் சாவி. செய்தி வாங்கும் செல்லின் வெளிச்சுவரில் அதற்குப் பொருத்தமான பூட்டு இருக்கும். சாவி வந்து பூட்டில் பொருந்தினால், உள்ளே வேலை தொடங்கும். "விரி", "சுருங்கு", "வளர்", "வளராதே" என்று செல்லுக்குக் கட்டளை போகும். இந்தப் பூட்டுகளுக்கு விஞ்ஞானத் தமிழில் "ஏற்பி" என்று பெயர். வந்த செய்தியை ஏற்றுக்கொள்வதால் ஏற்பி.

ஏற்பி என்பது ஒரு புரதம். அமினோ அமிலம் என்னும் மணிகளை வரிசையாகக் கோத்த மாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த மணிக்குப் பிறகு எந்த மணி என்று சொல்லும் குறிப்புத்தான் மரபணு. ஒவ்வொரு குறிப்பும் நம்மிடம் இரண்டு பிரதி இருக்கிறது. தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று.

நாஷ்வில் டாக்டர்கள் தேடிய மரபணு எங்கே இருக்கிறது என்று 1997-ல் ஓரளவு தெரிந்தது. நம்முடைய 23 ஜோடிக் குரோமோசோம்களில் இரண்டாவதில் இருந்தது. 2000-ம் ஆண்டில் இரண்டு குழுக்கள், அநேகமாக ஒரே சமயத்தில், அது எது என்று கண்டுபிடித்தன. ஒரு குழு நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. மற்றதில் நாஷ்வில் டாக்டர்களும் இங்கிலாந்து டாக்டர்களும் இருந்தார்கள். அந்த மரபணுவுக்கு பி.எம்.பி.ஆர்.2 என்று பெயர். பெயர் கரடுமுரடாக இருக்கிறது. என்ன செய்வது, விஞ்ஞானிகள் வைத்த பெயர்!

அது 1,038 மணிகள் கொண்ட ஒரு ஏற்பிக்கான குறிப்பு.

வேடிக்கை என்னவென்றால், அந்த ஏற்பியில் பொருந்தும் சாவிகளுக்கு "எலும்பு வளர்க்கும் புரதம்" என்று பெயர். 1965-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் மார்ஷல் யூரிஸ்ட் என்ற எலும்பு டாக்டர், சுண்ணாம்புச் சத்தை நீக்கிய எலும்பைச் சதைக்குள் வைத்தால் அங்கே புது எலும்பு முளைப்பதைக் கண்டார். அதற்குக் காரணமான பொருளுக்கு அந்தப் பெயரை வைத்தார். அந்தப் புரதத்தின் உறவுக்காரப் புரதங்கள் நுரையீரல் ரத்தக் குழாயிலும் வேலை செய்யும் என்று அப்போது யார் நினைத்தார்கள்? உடம்பு சிக்கனமானது. ஒரே சாமானை எலும்புக்கும் வைத்துக்கொள்கிறது, குழாய்க்கும் வைத்துக்கொள்கிறது.

ரத்தக் குழாயில் இந்த ஏற்பி சொல்லும் செய்தி, "அடங்கி இரு, அளவுக்கு மேல் வளராதே" என்பது. இதற்கு எதிராக, "வளர், வளர்" என்று சொல்லும் சாவிகளும் உண்டு. ஆக்டிவின் என்பது அவற்றில் ஒன்று. இரண்டும் சமமாக இருக்கும்வரை குழாயின் சுவர் ஒழுங்காக இருக்கும்.

மரபணுவின் ஒரு பிரதி கெட்டுவிட்டால் என்ன ஆகும்? நல்ல ஏற்பிகள் குறைந்துபோகும். "அடங்கு" என்ற குரல் தேய்ந்துவிடும். "வளர்" என்ற குரல் ஓங்கிவிடும். சுவர் தடிக்கும், வழி அடைபடும். குடும்பத்தில் தொடர்ந்து வரும் இந்த நோயில், பெரும்பாலான குடும்பங்களில் கெட்டிருப்பது இந்த ஒரு மரபணுதான்.

எல்லாருக்கும் வருமா?

வராது! இதுதான் இந்தக் கதையிலேயே விளங்காத இடம்.

கெட்ட பிரதி உள்ள தாய்க்கோ தகப்பனுக்கோ பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும், அது வந்து சேர்வதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. ஆனால் வந்து சேர்ந்த எல்லாரும் நோயாளி ஆவதில்லை. நாஷ்வில் டாக்டர்கள் 2012-ல் வெளியிட்ட கணக்குப்படி, கெட்ட பிரதி உள்ள பெண்களில் நூற்றுக்குச் சுமார் 42 பேருக்கு நோய் வருகிறது. ஆண்களில் 14 பேருக்குத்தான் வருகிறது. மற்றவர்கள் ஒரு குறையும் இல்லாமல் பேரன் பேத்தி எடுத்து வாழ்ந்துவிடுகிறார்கள். தங்களுக்கு ஒன்றும் இல்லாமலே, பேத்திக்கு அதைக் கொடுத்துவிடவும் கூடும். ஐந்து குடும்பங்கள் ஒன்றையொன்று அறியாமல் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். நடுவில் ஒரு தலைமுறை தப்பிவிட்டால், மூதாதையின் சாவு மறந்துபோகிறது.

பெண்களுக்கு ஏன் அதிகம்? பெண்மைச் சுரப்பு நீரான ஈஸ்ட்ரோஜனுக்கு இதில் பங்கு உண்டு என்று ஆராய்ந்து வருகிறார்கள். இந்த நோய் உள்ள பெண்களுக்குக் கர்ப்பம் பெரிய ஆபத்து. கர்ப்ப காலத்தில் ரத்தத்தின் அளவு கூடுகிறது. அடைபட்ட குழாய்க்கு அது தாங்காது. அதனால் கர்ப்பம் வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்லிவிடுவார்கள். கல்யாணம் ஆகிக் குழந்தையை எதிர்பார்த்திருக்கும் பெண்ணிடம் அதைச் சொல்வது எவ்வளவு கடினம் என்று நினைத்துப் பாருங்கள்.

வெளியிலிருந்து வரும் வினையும் உண்டு. 1965 முதல் 1968 வரை சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, ஆஸ்திரியா நாடுகளில் உடம்பு மெலிவதற்கு அமினோரெக்ஸ் என்று ஒரு மாத்திரை விற்றார்கள். சாப்பிட்டவர்களில் சிலருக்கு இதே நோய் வந்தது. மாத்திரையைத் தடுத்த பிறகு நோய் குறைந்தது. அந்தப் பாடம் மறந்துபோயிற்று போலும்! ஃபென்ஃபுளூரமின் என்ற இன்னொரு மெலிவு மாத்திரையால் அதே கதை நடந்து, 1997-ல் அமெரிக்காவில் அதையும் நிறுத்தினார்கள். அந்த மாத்திரையால் நோய் கண்டவர்கள் சிலரிடம் பி.எம்.பி.ஆர்.2 கோளாறும் இருந்தது பிற்பாடு தெரியவந்தது.

தலைமுறைக்குத் தலைமுறை இந்த நோய் சின்ன வயதிலேயே வருகிறது என்ற நம்பிக்கையும் வெகுநாள் இருந்தது. பாட்டிக்கு 50-ல் வந்தால் மகளுக்கு 35-ல், பேத்திக்கு 20-ல் என்று பயந்தார்கள். 2012-ம் ஆண்டுக் கணக்கு அந்தப் பயத்தைப் போக்கிற்று. பேத்தி தலைமுறையில் சின்ன வயதில் நோய் கண்டவர்கள்தான் இதுவரை கணக்கில் வந்திருக்கிறார்கள். வயதான பிறகு வரப்போகிறவர்கள் இன்னும் கணக்கில் வரவில்லை. பொறுத்திருந்து எண்ணினால் வித்தியாசம் மறைந்துவிடுகிறது.

பங்காளிப் பூட்டுகள்

இதே ஏற்பிக்குப் பங்காளிகள் உண்டு. எண்டோகிளின் என்று ஒன்று. ஆல்க்-1 என்று ஒன்று. 1994-லும் 1996-லும் அவற்றின் மரபணுக் கோளாறுகளைக் கண்டார்கள். இங்கே நடப்பது நேர்மாறு. குழாய் அடைபடுவதில்லை; மெலிந்து புடைத்து உடைகிறது! மூக்கிலிருந்து அடிக்கடி ரத்தம் கொட்டும். உதட்டிலும் நாக்கிலும் விரல் நுனியிலும் சிவப்புப் புள்ளிகள் தோன்றும். ஓஸ்லர் முதலான பழைய டாக்டர்களின் பெயரால் இந்த நோயைச் சொல்வார்கள். குழந்தைக்குச் சூட்டினால் மூக்கில் ரத்தம் வருவது சகஜம். தகப்பனுக்கும், அத்தைக்கும், பிள்ளைக்கும் வாழ்நாள் முழுவதும் வந்துகொண்டிருந்தால் அது சூடு அல்ல.

நோய் இல்லாதவர்களிடமும் பூட்டு வித்தியாசம் உண்டு. பயந்தாலும் ஓடினாலும் அட்ரினலின் என்ற பொருள் ரத்தத்தில் பாய்கிறது அல்லவா? அதற்கான பூட்டுகளில் ஒன்று, ரத்தக் குழாயை விரியச் செய்வது. 413 மணிகள் கொண்ட மாலை அது. அதில் 16-வது மணி, சிலருக்கு அர்ஜினைன், சிலருக்கு கிளைசின். இரண்டுமே சகஜம், இரண்டுமே நோய் அல்ல.

அதே நாஷ்வில் பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான ஆட்களைக் கூப்பிட்டு, புறங்கையில் ஓடும் குழாயைச் சோதித்தார்கள். ("பச்சை நரம்பு" என்று நாம் சொல்கிறோமே, அது நரம்பே அல்ல, ரத்தக் குழாய்தான்.) அட்ரினலினைப் போன்ற மருந்தைத் தொடர்ந்து செலுத்தினார்கள். இரண்டு பிரதியிலும் அர்ஜினைன் உள்ளவர்களுக்கு, முதலில் விரிந்த குழாய், போகப்போக மருந்தைச் சட்டை செய்யவே இல்லை. இரண்டு பிரதியிலும் கிளைசின் உள்ளவர்களுக்கு அப்படி மரத்துப்போகவில்லை. ஒரு மணி வித்தியாசம், அவ்வளவுதான்! 2001-ல் வெளிவந்த முடிவு இது. "அவருக்குக் கேட்ட மருந்து எனக்கு ஏன் கேட்கவில்லை?" என்று நோயாளி கேட்பதற்குப் பின்னால் இப்படிப்பட்ட காரணங்களும் இருக்கின்றன.

மருந்து உண்டா?

1980-களில் அமெரிக்காவில் எடுத்த கணக்கு பயங்கரமானது. நோய் இன்னது என்று தெரிந்த நாளிலிருந்து 2.8 ஆண்டுகளுக்குள் பாதிப் பேர் இறந்துவிட்டார்கள்.

1976-ல் இங்கிலாந்தில் ஜான் வேன் என்பவரின் குழு, குழாய்ச் சுவர் தானே உற்பத்தி செய்யும் ஒரு பொருளைக் கண்டுபிடித்தது. குழாயை விரிக்கும் பொருள் அது. பிராஸ்டசைக்ளின் என்று பெயர். அதை மருந்தாகச் செய்தார்கள். ஆனால் ரத்தத்தில் சில நிமிஷங்களே நிற்கும். அதனால் மார்பில் குழாய் பொருத்தி, இடுப்பில் சின்னப் பம்பைக் கட்டிக்கொண்டு, இரவும் பகலும் இடைவிடாமல் செலுத்த வேண்டும். பம்பு நின்றால் உயிருக்கே ஆபத்து.

இவ்வளவு தொல்லையும் வீண்போகவில்லை. 81 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, 12 வாரம் சோதித்தார்கள். பழைய வைத்தியம் பெற்றவர்களில் 8 பேர் இறந்தார்கள். புது மருந்து பெற்றவர்களில் ஒருவர்கூட இறக்கவில்லை. 1995-ல் அமெரிக்க அரசாங்கம் அதற்கு அனுமதி கொடுத்தது. பிறகு மாத்திரைகளும் வந்தன.

ஆனால் அவை எல்லாம் குறுகிய குழாயை விரிக்கும் மருந்துகள். பூட்டுக் கோளாற்றைத் தொடுகிற மருந்து 2024 மார்ச் மாதம்தான் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சொடாடர்செப்ட் என்று பெயர். "வளர், வளர்" என்று சொல்லும் ஆக்டிவின் சாவியை, பூட்டுக்குப் போகுமுன் வழியிலேயே பிடித்துக்கொள்கிறது. கெட்ட மரபணுவை அது சரிசெய்வதில்லை. ஓங்கிய குரலை அடக்குகிறது. மூன்று வாரத்துக்கு ஓர் ஊசி. 323 நோயாளிகளிடம் சோதித்தபோது, ஊசி போட்டுக்கொண்டவர்கள் 24 வாரத்துக்குப் பிறகு, ஆறு நிமிஷத்தில் மற்றவர்களைவிடச் சுமார் 40 மீட்டர் அதிகமாக நடந்தார்கள். நமக்கு 40 மீட்டர் பெரிதல்ல. கட்டிலிலிருந்து வாசல் வரை வர முடியாதவருக்கு அது தெருக்கோடி.

வேடிக்கையாக, இந்த ஊசி போட்ட சிலருக்கு மூக்கில் ரத்தமும் சிவப்புப் புள்ளிகளும் வந்தன. பங்காளிப் பூட்டுகளின் நோயில் வருவதும் அதுதான் அல்லவா? தராசின் ஒரு தட்டை அமுக்கினால் மற்றது எழும்பத்தான் செய்யும். விலையும் ஏழைகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது.

தெரிந்துகொள்வதா, வேண்டாமா?

இன்று ரத்தத்தைக் கொடுத்தால் மரபணுவில் கோளாறு உண்டா இல்லையா என்று சொல்லிவிடுகிறார்கள். அக்காளுக்கு நோய் வந்துவிட்டது. தங்கை ரத்தம் கொடுத்துப் பார்ப்பதா, வேண்டாமா? உண்டு என்று தெரிந்தால் தூக்கம் போய்விடும். நோய் வராமலே போகவும் கூடும். தெரியாமல் இருந்தால், மூச்சு முட்டும் நாளில் "வெறும் களைப்பு" என்று காலம் கடத்திவிட நேரும். அந்தக் குடும்பங்களில் சிலர் சோதித்துக்கொள்கிறார்கள், சிலர் மறுத்துவிடுகிறார்கள். இரண்டு பேரையும் குறை சொல்ல முடியாது.

சோதித்துக்கொண்டவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதைப் பிரெஞ்சு டாக்டர்கள் பார்த்தார்கள். மரபணுக் கோளாறு இருந்தும் நோயின் அறிகுறி எதுவும் இல்லாத 55 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஆண்டுதோறும் இருதயத்தைப் படம் பிடித்து, ரத்தம் பார்த்து, மூச்சைச் சோதித்து வந்தார்கள். 2021-ல் முடிவை வெளியிட்டார்கள். 55 பேரில் 5 பேருக்கு நோய் தொடங்கியிருந்தது. தொடக்கத்திலேயே பிடித்துவிட்டதால், அந்த ஐந்து பேருக்கும் மார்பில் குழாயும் இடுப்பில் பம்பும் தேவைப்படவில்லை. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு நடமாடிக்கொண்டிருந்தார்கள்.